மணி அடித்த பிறகும் ஆறு சுற்று

மஸ்கெலியா
09.02.2025

ஆர்த்திகா டீச்சருக்கு,

கடிதம் என்றால் சுகம் விசாரித்துத் தொடங்க வேண்டும். நான் விசாரிக்கப் போவதில்லை. கோபத்தில் இருக்கிறேன். ஃபோனில் உங்கள் நம்பரை பிளாக் பண்ணி வைத்திருக்கிறேன், அதை எடுக்கவும் மனசு வரவில்லை. ஆனால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. பள்ளிக்கூடத்து பியூன் நல்லமுத்து அண்ணனிடம் உங்கள் யாழ்ப்பாண விலாசம் வாங்கி எழுதுகிறேன்.

ஐந்து வருஷம் இங்கே கணக்குப் படிப்பித்தீர்கள். அதில் மூன்று வருஷம் என்னோடும் என் சித்தி மகள் நிலக்ஷியோடும் சைக்கிள் ரேஸ் ஓடினீர்கள். நாங்கள் இரண்டு பேரும் ஏழாம் நம்பர் மலையில் தேயிலைக் கொழுந்து எடுக்கிறவர்கள் என்று, டீமுக்கு 'ஏழாம் மலை' என்று பேர் வைத்ததே நீங்கள்தான். அப்படிப்பட்டவர் ஹட்டன் ரேஸ் முடிந்து ஐந்தாம் நாள் மாற்றலாகிப் போய்விட்டீர்கள். நீங்கள் தங்கியிருந்த வீட்டுக்கார அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். உங்கள் ஹெல்மெட் இன்னும் எங்கள் லயத்து வீட்டில் ஆணியில் தொங்குகிறது.

நீங்கள் போன பிறகு இங்கே என்ன நடக்கிறது தெரியுமா? என் பேர் சர்மிளா இல்லை. ரைஸ் குக்கர்.

ஹட்டனில் இருபது சுற்று ஓட வேண்டும். பதின்மூன்று முடிந்ததும் மணி அடித்தார்கள். அடுத்த சுற்றில் முதலில் கோட்டைத் தாண்டுகிறவருக்கு ஒரு இடைப் பரிசு, அதற்கான மணி. எங்கள் தோட்டத்தில் சங்கு ஊதினால் வேலை முடிந்தது என்று ஒரே அர்த்தம்தான். நடுவில் ஒரு ரைஸ் குக்கருக்காக மணி அடிப்பார்கள் என்று யார் கண்டது? கடைசிச் சுற்று என்று நினைத்து உயிரை விட்டு மிதித்தேன். முதலாவதாக வந்து, இரண்டு கையையும் தூக்கி, இறங்கி, கொடி பிடித்திருந்த பெண்ணைக் கட்டிப்பிடித்து அழுதேன். மற்றவர்கள் என்னைத் தாண்டிப் போய் இன்னும் ஆறு சுற்று ஓடினார்கள்.

அந்த வீடியோ எல்லார் ஃபோனிலும் இருக்கிறது. காலையில் வேலைக்குப் பிரிக்கிற பெரட்டு வரிசையில் தோட்டத்துக் கண்டாக்கு ஐயா பேர் கூப்பிடும்போது, என் முறை வந்தால், "என்னம்மா, ரைஸ் குக்கரு வந்துருச்சா?" என்கிறார். இருநூறு பேர் சிரிக்கிறார்கள். நான் தினமும் "இருக்கேங்க" என்று சொல்கிறேன். லயத்துப் பிள்ளைகள் என்னைக் கண்டாலே தட்டில் கரண்டியால் டங் டங் என்று அடிக்கிறார்கள்.

ஏப்ரல் இருபத்தாறு நுவரெலியாவில் ஏரிக்கரை ரேஸ். அதில் நான் ஜெயிக்க வேண்டும். ஜெயித்தால்தான் என் பேர் திரும்பக் கிடைக்கும். டீமுக்கு மூன்று பேர் இல்லாவிட்டால் பதிய மாட்டார்கள், மார்ச் கடைசியோடு பதிவு முடிகிறது. வருகிறீர்களா இல்லையா? ஒரே வார்த்தையில் எழுதுங்கள்.

சர்மிளா


சுன்னாகம்
20.02.2025

அன்புள்ள சர்மிளா,

உம்முடைய கடிதம் நேற்றுக் கிடைத்தது. நான்கு முறை வாசித்தேன்.

மாற்றத்துக்கு நான் இரண்டு வருடத்துக்கு முன்பே விண்ணப்பித்திருந்தேன் என்பது உமக்குத் தெரியும். அம்மாவுக்கு முழங்கால் ஏலாது. உத்தரவு வந்தது அந்தக் கிழமையில் என்பது தற்செயல். சொல்லிக்கொள்ளாமல் வந்தது பிழைதான், சாமான் கட்டுகிற அவசரத்தில் நேரம் கிடைக்கவில்லை.

ஏப்ரல் விடயம் கடினம் என்று நினைக்கிறேன். தம்பி தேனுஜனுக்கு இருபத்தேழாம் திகதி கலியாணம், ரேஸுக்கு அடுத்த நாள். அதோடு நான் உங்கள் இருவரோடும் ஒப்பிட்டால் மெதுவான ஆள். ஹட்டனில் எட்டாவது சுற்றிலேயே பின்தங்கிவிட்டேன் என்று என்னை வெளியே எடுத்துவிட்டார்கள். ராகலையில் லோஜினி என்ற பிள்ளை நன்றாக ஓடுகிறாள், அவளைக் கேட்டுப் பார்க்கலாம்.

எட்டுக் கிழமைக்கான பயிற்சி அட்டவணை ஒன்று போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். செவ்வாயும் வியாழனும் வேகப் பயிற்சி. ஞாயிறு ஓய்வு கட்டாயம்.

ஹெல்மெட்டை நீரே வைத்திரும்.

அன்புடன்
ஆர்த்திகா


மஸ்கெலியா
01.03.2025

டீச்சருக்கு,

ஒரே வார்த்தை கேட்டேன். ஒரு பக்கமும் ஒரு அட்டவணையும் வந்தது.

லோஜினியைக் கேட்டேன். அவள் ராகலை டீமிலேயே பதிந்துவிட்டாள். நுவரெலியாவில் எங்களுக்கு எதிராக ஓடப் போகிறாள். அதுவும் போச்சு.

இனி மறைக்க ஒன்றும் இல்லை, எழுதிவிடுகிறேன். ஹட்டனில் நான் மணியை மட்டும் கேட்டு ஓடவில்லை. மணி அடித்ததும் எனக்குச் சந்தேகம்தான். பஸ் ஸ்டாண்ட் திருப்பத்துக்கு வந்தபோது ஒரு குரல் கேட்டது. "கடைசிச் சுத்து! விடாதையும்!" என்று. ஹட்டன் டவுனில் 'விடாதையும்' என்று யாழ்ப்பாணப் பேச்சில் கத்துகிறவர் எத்தனை பேர் இருக்கிறார்கள், டீச்சர்? சுற்று எண்ணுவதற்காகவே அங்கே நின்றவர் நீங்கள். கணக்கு டீச்சர் எண்ணினால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி மிதித்தேன்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. நிலக்ஷியிடம்கூடச் சொல்லவில்லை. "ஏண்டி இப்படி ஏமாந்த?" என்று அவள் நூறு தடவை கேட்டுவிட்டாள். நூறு தடவையும் நான்தான் முட்டாள் என்று சொல்லியிருக்கிறேன்.

நீங்கள் தப்பாகக் கத்தியது எனக்குப் பெரிசில்லை. மனுஷருக்குத் தப்பு வரும். திரும்பி வந்த பஸ்ஸை நினைத்துப் பாருங்கள். ரைஸ் குக்கர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருக்கிறேன். பின்னால் இருந்த பையன்கள் வீடியோவைப் போட்டுப் போட்டுச் சிரிக்கிறார்கள். நீங்கள் பக்கத்து ஸீட்டில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வந்தீர்கள். நோர்ட்டன் பிரிஜ் தாண்டியும் திரும்பவில்லை. மஸ்கெலியாவில் இறங்கும்போதும் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் பக்கத்தில் உட்காரவே வெட்கப்பட்டீர்கள். அதுதான் டீச்சர் ஆறவில்லை.

அட்டவணையை அடுப்பில் போடலாம் என்று எடுத்தேன். நிலக்ஷி பிடுங்கிச் சுவரில் ஒட்டிவிட்டாள். அதன்படிதான் ஓடுகிறோம், இரண்டு பேர் டீமாக.

சர்மிளா


சுன்னாகம்
10.03.2025

சர்மிளா,

உமது கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு மூன்று நாள் திரிந்தேன். இன்று எழுதாவிட்டால் என்றைக்கும் எழுத மாட்டேன்.

ஓம், கத்தியது நான்தான்.

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். என்னை வெளியே எடுத்த பிறகு திருப்பத்தில் நின்று எண்ணினேன். என் எண்ணிக்கை சரியாகவே இருந்தது. பதின்மூன்று. அப்போது மணி அடித்தது. ஒலிபெருக்கியில் சிங்களத்தில் ஏதோ சொன்னார்கள். ஐந்து வருடம் மலையில் இருந்தும் எனக்குச் சிங்களம் கடைக்குப் போய் வருகிற அளவுதான், உமக்குத் தெரியும். பக்கத்தில் ஒரு ஓட்டோக்காரர் நின்றார். "என்ன சொல்றாங்கள்?" என்று ஒரு சொல் கேட்டிருக்கலாம். டீச்சர் என்று தெரிந்த ஆள், அவரிடம் போய்ச் சிங்களம் தெரியாது என்று காட்டுவதா என்று பேசாமல் இருந்தேன். மணி அடிக்கிறதென்றால் கடைசியாகத்தான் இருக்கும், நான்தான் எங்கேயோ ஆறு சுற்றைத் தவறவிட்டேன் என்று முடிவு கட்டினேன். சரியாக இருந்த என் கணக்கைப் பிழை என்று நினைத்து உம்மைப் பார்த்துக் கத்தினேன். பிள்ளைகளுக்கு 'விடையை நம்பு, பக்கத்தில் இருக்கிறவனைப் பார்க்காதே' என்று தினமும் சொல்கிறவள் நான்.

பஸ்ஸில் நான் வெட்கப்பட்டது உண்மை. உம்மால் அல்ல. எழும்பி நின்று "சிரிக்காதையுங்கோ, பிழை என்னுடையது" என்று அந்தப் பையன்களிடம் சொல்ல வேண்டியவள், வாயைத் திறக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பினேன். பிறகு ஒவ்வொரு நாளும் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். மாற்ற உத்தரவு வந்ததும் அதைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்துவிட்டேன். முழங்கால், சாமான், அவசரம் எல்லாம் நொண்டிச் சாட்டு. நீர் எனக்காகப் பொய் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறீர். அதை வாசித்தபோது இருந்து அழுதேன்.

மன்னிப்புக் கேட்கிறேன் சர்மிளா. தருவதும் விடுவதும் உம்முடைய விருப்பம்.

பதிவுப் படிவத்தை நிரப்பி, கையெழுத்து வைத்து அனுப்பியிருக்கிறேன். வருகிறேன். அம்மா சிவனேஸ்வரி விடயம் அறிந்து, "உனக்கென்ன விசரே? விடிஞ்சால் தம்பிக்குக் கலியாணம், நீ மலையில போய்ச் சைக்கிள் ஓடப் போறியே?" என்று நிற்கிறா. ரேஸ் காலையில்தானே. முடிந்த கையோடு வான் வண்டியில் ஏறினால் இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டில் நிற்பேன் என்று சொல்லியிருக்கிறேன். இரண்டு நாளாக அம்மா என்னோடு கதைக்கவில்லை.

மெதுவான ஆள் என்று எழுதினேன். அதற்கும் ஒரு வேலை தொடங்கிவிட்டேன். காரைநகர் பாலத்தில் இரண்டு பக்கமும் கடல், எதிர்க்காற்று முகத்தில் அறையும். தினமும் காலையில் அதில் போய் வருகிறேன். பாடசாலைக்குப் பக்கத்தில் இருக்கிற பேக்கரிக்காரர் தெற்கே காலி ஊரிலிருந்து வந்தவர். அவரிடம் சிங்களமும் படிக்கிறேன். இதுவரை படித்தது ஒரு வசனம்தான். இன்னும் எத்தனை சுற்று இருக்கிறது?

ஆர்த்திகா


மஸ்கெலியா
23.03.2025

டீச்சர்,

உங்கள் கடிதத்தைப் பெரட்டில்தான் தந்தார்கள். லயத்துக் கடிதம் எல்லாம் தோட்டத்து ஆபிசுக்கு வந்து, கண்டாக்கு ஐயா கையால்தான் எங்களுக்குக் கிடைக்கும். "ரைஸ் குக்கருக்குக் கடுதாசி" என்று தூக்கிக் காட்டிவிட்டுத் தந்தார். மலைக்குப் போகிற வழியிலேயே நின்று வாசித்தேன். அன்றைக்குக் கொழுந்து குறைந்து கங்காணியிடம் ஏச்சு வாங்கினேன். பரவாயில்லை.

மன்னிப்பு என்று ஒரு சொல் எழுதியிருந்தீர்கள். ஏப்ரல் இருபத்தாறு வந்து சேருங்கள், அப்புறம் பார்ப்போம். கோபம் பாதி போயிருக்கிறது. மீதிப் பாதி இருந்தால்தான் வேகமாக மிதிக்க வரும்.

இங்கே நடக்கிறதைக் கேளுங்கள். தட்டு அடிக்கிற பிள்ளைகளை வேலைக்குச் சேர்த்துவிட்டேன். சாயங்காலம் நானும் நிலக்ஷியும் தேயிலை ஸ்டோரைச் சுற்றி இருபது சுற்று ஓடுகிறோம். பிள்ளைகள் மதில்மேல் உட்கார்ந்து நினைத்த நேரம் தட்டை அடிக்க வேண்டும். அடித்ததும் நான் எத்தனையாவது சுற்று என்று கத்திச் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் ஆளுக்கொரு டொஃபி. முதல் வாரம் டொஃபி வாங்கியே நொந்துபோனேன். இந்த வாரம் அவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. கேலி பண்ணுவது போய் இப்போது, "அக்கா, பதினொண்ணு, சரியா?" என்று அவர்களே என்னைச் சோதிக்கிறார்கள்.

இனி முக்கியமான விஷயம். கொழும்பிலிருந்து பெரிய கிளப் வருகிறது, ஆறு பேர், நல்ல சைக்கிள். கடைசி வரைக்கும் அவர்களோடு ஒட்டியிருந்தால் கடைசி நூறு மீட்டரில் ஆறு பேரும் சேர்ந்து நம்மை விழுங்கிவிடுவார்கள். அதற்கு முன்பே தனியாகக் கழன்று ஓட வேண்டும். எப்படி விடுவார்கள்? நான் ஒரு யோசனை வைத்திருக்கிறேன்.

நுவரெலியாவிலும் இருபது சுற்றுத்தான், பதினாலாவதற்கு இடைப் பரிசு உண்டு. மணி அடித்ததும் நான் ஹட்டனில் செய்த மாதிரியே பாய்கிறேன். கோட்டில் இரண்டு கையையும் தூக்குகிறேன். ரைஸ் குக்கர் மறுபடி ஏமாந்துவிட்டாள் என்று எல்லாரும் சிரிப்பார்கள். சிரிக்கிறவர்கள் மிதிக்க மாட்டார்கள். அந்த நேரம் நான் நிற்காமல் போய்க்கொண்டே இருப்பேன். ஆறு சுற்று தனியாக. என்ன சொல்கிறீர்கள்?

சர்மிளா


சுன்னாகம்
02.04.2025

சர்மிளா,

சுருக்கமாக எழுதுகிறேன், வீட்டில் கலியாணத்துக்குப் பலகாரம் சுடுகிறோம்.

யோசனை மிக நல்லது. கணக்கில் ஒரு பிழை இருக்கிறது. இடைப் பரிசுக்காகப் பாய்ந்த கால், அதே மூச்சில் ஆறு சுற்று தனியாக ஓடாது. மூன்றாவது சுற்றில் உம்மைப் பிடித்துவிடுவார்கள். கை தூக்குகிறவர் ஒருவராகவும் கழன்று ஓடுகிறவர் இன்னொருவராகவும் இருக்க வேண்டும். மிச்சத்தை என்னிடம் விடும். மணி அடித்தால் நீர் அசையாமல் நிலக்ஷிக்குப் பின்னால் இரும். கோட்டைத் தாண்டியதும் போம். முன்னுக்கு என்ன நடந்தாலும் பார்க்காதையும்.

ஹெல்மெட்டைக் கொண்டுவாரும்.

ஆர்த்திகா


சுன்னாகம்
30.04.2025

அன்புள்ள சர்மிளா,

கலியாண வீடு இன்றைக்குத்தான் ஓய்ந்தது. நமக்குக் கதைக்கக் கிடைத்தது தொடங்குவதற்கு முன்னால் இரண்டு நிமிடம், அதிலும் நீர் ஹெல்மெட் வாரை இழுத்துக் கட்டிவிட்டதோடு சரி. முடிந்த பிறகு அதுவும் இல்லை. ஆகவே என் பக்கத்தில் நடந்ததை நான் எழுதுகிறேன், உம்முடைய பக்கத்தை நீர் எழுதும்.

தொடக்கத்தில் அறிவிப்பாளர் ஒவ்வொருவரின் பேரையும் வாசித்தார். உம்முடைய முறை வந்ததும் 'ரைஸ் குக்கர் நங்கி', அதாவது ரைஸ் குக்கர் தங்கச்சி என்று சொல்லிச் சிரித்தார். இந்த முறை எனக்கு விளங்கியது. நான் திரும்பி அவரை முறைத்தேன், உமக்கு ஒன்றும் ஆகவில்லை.

பதின்மூன்று சுற்றும் நான் வாலைப் பிடித்துக்கொண்டு ஒட்டியிருந்தேன் என்பதை நீர் பார்த்திருக்க மாட்டீர், ஆகவே நானே பெருமையாகச் சொல்கிறேன். காரைநகர் பாலத்தின் புண்ணியம். மணி அடித்தது. கொழும்புக்காரர் ரைஸ் குக்கருக்காகக் காலை வீணாக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். ஏரித் திருப்பத்திலேயே இடது பக்கத்தால் வெளிக்கிட்டு, எல்லாரையும் தாண்டி மிதித்தேன். உம்மைத் தாண்டும்போது நீர் என்னைத் திரும்பிப் பார்த்தீர். பார்க்காதையும் என்று எழுதியிருந்தேன்.

கோட்டை நான்தான் முதலில் தாண்டினேன். இரண்டு கையையும் தூக்கினேன். அது போதாது என்று பட்டது. "வெண்டிட்டன்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். இறங்கி, கொடி பிடித்தவரின் கையைப் பிடித்துக் குலுக்கினேன். முழு நுவரெலியாவும் சிரித்தது. என்னுடைய பழைய மாணவர்கள் ஐந்து பேர் வேலியோரம் நின்றதையும் கண்டேன், அவர்களும் சிரித்தார்கள். கொழும்புக்காரர் ஆறு பேரும் மிதிப்பதை விட்டுவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தார்கள். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். நிலக்ஷி உம்முடைய முதுகில் ஒரு அடி அடித்ததும் நீர் போனதும் அப்போதுதான். அவர்கள் முன்னால் பார்த்தபோது நீர் ஏரித் திருப்பத்துக்குப் போய்விட்டீர்.

ஏன் நான் என்று கேட்பீர். எப்படியும் பின்தங்கப் போகிற கால் என்னுடையது, அதைச் செலவழிப்பதே லாபம் என்பது கணக்கு. மற்றது கணக்கு இல்லை. ஹட்டனில் அந்தச் சிரிப்பு எனக்கு வர வேண்டியது. நீர் மூன்று மாதம் எனக்காகச் சுமந்தீர். வந்து வாங்கிக்கொண்டேன், அவ்வளவுதான்.

அடுத்த சுற்றில் நானே விலகி அந்தத் திருப்பத்தில் போய் நின்றேன். பக்கத்தில் ஒரு பொலிஸ்காரர். ஒவ்வொரு சுற்றுக்கும் என்னுடைய ஒரே சிங்கள வசனத்தை அவரிடம் கேட்டேன். இன்னும் எத்தனை? அவர் சொன்ன பிறகே உமக்கு விரல் காட்டினேன். நாலாவது தடவை அவருக்கு அலுத்துவிட்டது. நான் கேட்க முன்னரே தன்னுடைய விரலைக் காட்டினார்.

கடைசி மணியும் அடித்தது. நீர் திருப்பத்துக்கு வரும்போது என்னையே பார்த்துக்கொண்டு வந்தீர். நான் என்ன கத்தினேன் என்பது உமக்குத் தெரியும்.

பிறகு சனத்தின் ஆரவாரம் கேட்டது. வென்றுவிட்டீர் என்று விளங்கி, நான் அந்தப் பொலிஸ்காரரைக் கட்டிப்பிடித்தேன். வான் வண்டியில் ஏறப் போனால், என்ன இது, நீர் மறுபடி வருகிறீர்! தலையைக் குனிந்துகொண்டு, தனியாக, அதே வேகத்தில். "முடிஞ்சுது! நில்லும்!" என்று கத்தினேன். நீர் நிற்கவில்லை. வான்காரர் ஹோர்ன் அடித்துக்கொண்டே இருந்தார். மலை இறங்கும்போதுதான் நிலக்ஷியின் மெசேஜ் வந்தது. 'டீச்சர், ஒருவழியா புடிச்சு நிறுத்திட்டோம்.'

இரவு எட்டரைக்கு வீட்டுக்குள் போனேன். வெயிலில் கறுத்த முகம், காலெல்லாம் கிறீஸ், கையில் இடைப் பரிசாகக் கிடைத்த ரைஸ் குக்கர். அம்மா பார்த்துக்கொண்டே நின்றா. "முதலாம் இடமே?" என்று கேட்டா. ஓம் எண்டன். "அப்ப சரி, போய்க் குளி" என்றா. தேனுஜனுக்குக் கலியாணப் பரிசாக அதைத்தான் கொடுத்திருக்கிறேன்.

ஏன் நிற்கவில்லை, சர்மிளா?

ஆர்த்திகா


மஸ்கெலியா
08.05.2025

அன்புள்ள டீச்சருக்கு,

நல்லா இருக்கிறீர்களா? அம்மாவுக்கு முழங்கால் எப்படி? பாருங்கள், இந்தத் தடவை ஒழுங்காகச் சுகம் விசாரிக்கிறேன். உங்கள் நம்பரையும் எடுத்துவிட்டேன். ஆனால் இதை வாசித்து முடிக்கும்வரை ஃபோன் பண்ணக்கூடாது.

நீங்கள் கையைத் தூக்குவீர்கள் என்று எனக்குச் சத்தியமாகத் தெரியாது. 'மிச்சத்தை என்னிடம் விடும்' என்றதும் நிலக்ஷியை வைத்து ஏதோ செய்யப் போகிறீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் என்னைத் தாண்டிப் போனதும் எனக்குப் புரிந்துவிட்டது. வேண்டாம் டீச்சர் என்று கத்த வாய் வந்தது. அதற்குள் நீங்கள் கோட்டில் கையைத் தூக்கிவிட்டீர்கள். அத்தனை பேர் சிரித்தபோது எனக்குக் கண்ணீர் வந்து ரோடே தெரியவில்லை. நிலக்ஷி முதுகில் அறைந்து, "போடி, அவங்க அவ்ளோ செஞ்சிட்டாங்க, போடி!" என்றாள். போனேன்.

முதல் மூன்று சுற்றுக் கோபத்தில் ஓடினேன், உங்களைப் பார்த்துச் சிரித்தவர்கள்மேல். நாலாவதில் கோபம் தீர்ந்து கால் வலி மட்டும் மிஞ்சியது. ஏரிப் பக்கத்துக் காற்று ஆளைத் தள்ளியது. பின்னால் நிலக்ஷி கொழும்புக்காரர்களுக்கு முன்னே போய் நின்று, வேகத்தைக் குறைத்துக் குறைத்து அவர்களை வெறுப்பேற்றியிருக்கிறாள். அவள் ஐந்தாவதாக வந்தாள். லோஜினி மூன்றாவது. முடிந்ததும் வந்து, அடுத்த வருஷம் நம்மோடு ஓடலாமா என்று கேட்கிறாள். யோசித்துச் சொல்கிறோம் என்று கெத்தாகச் சொல்லியிருக்கிறேன்.

கடைசி மணி அடித்ததும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. என் கணக்கில் பத்தொன்பது. பிள்ளைகளோடு ஒரு மாசம் ஓடி எண்ணிப் பழகியவள், தப்பாது. ஆனாலும் மணியை நம்ப முடியவில்லை. உங்களைத் தேடினேன். ஒரு விரல் காட்டி நின்றீர்கள். "கடைசிச் சுத்து! விடாதையும்!" என்றீர்கள். ஹட்டனில் கேட்ட அதே குரல், அதே வார்த்தை. ஒரு நொடி யோசித்தேன் டீச்சர், பொய் சொல்ல மாட்டேன். அப்புறம் நம்பினேன். நீங்கள் மன்னிப்புக் கேட்டிருந்தீர்களே, அதற்கு என் பதில் அந்தச் சுற்றுத்தான். இருந்த எல்லாவற்றையும் அதில் போட்டு மிதித்தேன்.

கோட்டைத் தாண்டியபோது எனக்குப் பின்னால் ஒரு குருவிகூட இல்லை. கை தூக்கினேனா? இல்லை. கைப்பிடியை விடவே இல்லை. எல்லாரும் கத்தினார்கள், அறிவிப்பாளர் ஏதோ சொன்னார். எனக்கு ஹட்டனில் கேட்ட சத்தம் மாதிரியே இருந்தது. போன தடவை நின்றதால்தானே வினை, எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு சுற்றுப் போனேன். நீங்கள் நில்லும் என்று கத்தியது கேட்டது. நம்புவதெல்லாம் போன சுற்றோடு தீர்ந்துபோச்சு. இரண்டாவது தடவை கோட்டுக்கு வந்தபோது நிலக்ஷி ரோட்டுக்குக் குறுக்கே கையை விரித்து நின்றாள். "முடிஞ்சிருச்சுடி, நீதாண்டி பர்ஸ்ட்டு" என்றாள். அவள் தலைமேல் சத்தியம் வாங்கிய பிறகுதான் இறங்கினேன்.

மேடையில் கப்பைக் கொடுத்துவிட்டு, ஃபோட்டோவுக்குக் கையைத் தூக்கச் சொன்னார்கள். மாட்டேன் என்றேன். நிலக்ஷி பிடித்து ஒரு கையைத் தூக்கினாள். மறு கையில் உங்கள் ஹெல்மெட். வான் அவசரத்தில் அதை மறுபடியும் விட்டுவிட்டுப் போனீர்கள். இந்தத் தடவை கொண்டுவர மாட்டேன், நீங்களே வந்து எடுங்கள்.

ரேஸுக்கு அடுத்த நாள், ஞாயிற்றுக்கிழமை, என்னுடைய ரைஸ் குக்கரைப் பிரித்தேன். ஜனவரியிலிருந்து அப்படியே கட்டோடு கட்டிலுக்கடியில் கிடந்தது. சர்க்கரைப் பொங்கல் வைத்து லயத்தில் எல்லாருக்கும் கொடுத்தேன். அடிப்பிடிக்கவில்லை. நல்ல சாமான்தான் டீச்சர், அநியாயமாக அதைத் திட்டியிருக்கிறேன்.

திங்கட்கிழமை பெரட்டு. கூடையை மாட்டிக்கொண்டு வழக்கம் போல வரிசையில் நின்றேன். விடியக்காலை மழை பெய்து நிலம் சொதசொதவென்று இருந்தது. கண்டாக்கு ஐயா புத்தகத்தைப் பார்த்து ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டு வந்தார். எனக்கு முன்னால் நிற்கிற ஜெயந்தினி அக்காவின் பேரைக் கூப்பிட்டார். அவர் இருக்கேங்க என்றார். அடுத்தது நான். ஐயா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ரைஸ் குக்கர் என்று சொன்னாலும் சிரித்துக்கொண்டே இருக்கேங்க என்று சொல்ல வேண்டும் என்று முடிவு பண்ணி வைத்திருந்தேன், இனி அது என்னை ஒன்றும் செய்யாது. அவர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அந்த ஆள் பெரட்டில் தொப்பி கழற்றி நான் பார்த்ததே இல்லை.

"சர்மிளா" என்றார்.

அதற்கு முன்னாலும் பின்னாலும் ஒன்றும் சேர்க்கவில்லை. இருநூறு பேரில் ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. எனக்கு அதை இன்னொரு தடவை கேட்க வேண்டும் போல இருந்தது. அவர் இன்னொரு தடவை, இன்னும் கொஞ்சம் சத்தமாக, "சர்மிளா" என்றார். லயத்துப் பக்கமிருந்து பிள்ளைகள் தட்டை அடிக்க ஆரம்பித்தார்கள். நான் எண்ணினேன். சரியாக இருபது அடி.

"இருக்கேங்க" என்றேன்.

அன்புடன்
சர்மிளா